சேற்றில் மடி பார்த்தவர்கள்: 'எலக்ட்ரிக் மட்' ஆல்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ப்ளூஸ் என்கிற அமெரிக்கக் கறுப்பின இசையைக் கேட்கிற நண்பர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் இந்த ஆல்பத்தின் பேரை எடுத்தால் போதும், கட்சி இரண்டாகப் பிரிந்துவிடும். என்னிடம் வருகிற கேள்விகளில் பாதி இதைப் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

'எலக்ட்ரிக் மட்' என்பது என்ன?

சிகாகோ ப்ளூஸின் மூத்த பாடகர் மடி வாட்டர்ஸ், 1968 மே மாதம் சிகாகோவின் டெர் மார் ஸ்டூடியோவில் பதிவு செய்த ஆல்பம். அதே ஆண்டு அக்டோபரில், செஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் கிளை லேபிளான கேடட் கான்செப்டில் வெளிவந்தது. எட்டே பாட்டு, நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். எட்டில் ஐந்து, அவரே 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் பாடியவை. ஆனால் கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் ஃபஸ், அதை 'வா-வா' என்று வளைக்கும் வா-வா பெடல், ஒலிபெருக்கியின் சத்தம் கிட்டாருக்கே திரும்பி எழுப்பும் ஃபீட்பேக் அலறல் எல்லாம் சேர்ந்து அந்தப் பாட்டுகளை அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றியிருக்கும். ப்ளூஸை, போதை மயக்கத்தை ஓசையில் கொண்டுவரப் பார்த்த சைக்கடெலிக் ராக் உலையில் போட்டுக் காய்ச்சிய முயற்சி என்று சொல்லலாம். வெளிவந்த நாளிலிருந்து திட்டு வாங்கிக்கொண்டே இருக்கிறது. பாடியவரே திட்டியிருக்கிறார்.

மடி வாட்டர்ஸ் யார்? அது நிஜப் பெயரா?

இயற்பெயர் மெக்கின்லி மோர்கன்ஃபீல்ட். மிசிசிப்பிக்காரர். பிறந்த ஆண்டு 1915 என்று அவர் சொல்வார். சில ஆவணங்களில் 1913 என்று இருக்கிறது. தாய் சீக்கிரமே இறந்துபோக, பாட்டிதான் வளர்த்தார். ஓடைச் சேற்றிலேயே புரண்டு கிடந்த பிள்ளைக்குப் பாட்டி வைத்த செல்லப்பெயர் 'மடி', அதாவது சேறு அப்பியவன். பிறகு 'வாட்டர்ஸ்' ஒட்டிக்கொண்டு, கலங்கிய தண்ணீர் என்று ஆகிவிட்டது. தமிழில் 'மடி' என்று எழுதினால் நமக்கு நினைவுக்கு வருவது அதற்கு நேர் எதிரான, தொட்டால் தீட்டு என்கிற மடி. இந்த ஆல்பத்தின் கதைக்கு அது எவ்வளவு பொருத்தம் என்று போகப்போகத் தெரியும்.

கிளார்க்ஸ்டேல் ஊருக்கு வெளியே ஸ்டோவல் என்ற பருத்திப் பண்ணையில் வேலை பார்த்துக்கொண்டு, சனிக்கிழமை இரவுகளில் பாடிக்கொண்டிருந்தவர். 1941 ஆகஸ்டில் நாட்டுப்புற இசை சேகரிப்பாளர்களான ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காக அவர் பாட்டைப் பதிவு செய்தார்கள். தன் குரலைத் தானே திரும்பக் கேட்டபோதுதான் தன்னாலும் முடியும் என்ற நம்பிக்கை வந்தது என்று பின்னால் சொல்லியிருக்கிறார். 1943இல் சிகாகோவுக்கு ரயிலேறினார். அங்கே மதுக்கூடங்களில் இருந்த இரைச்சலில் மரக் கிட்டார் எடுபடவில்லை, மின்கிட்டாருக்கு மாறினார். 1948 முதல் செஸ் சகோதரர்கள் அவர் இசைத்தட்டுகளை வெளியிட்டார்கள். 'ஹூச்சி கூச்சி மேன்' 1954இல், 'மேனிஷ் பாய்' 1955இல். லண்டனில் சில பையன்கள் சேர்ந்து ஒரு குழு தொடங்கியபோது, இவருடைய 1950ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றிலிருந்துதான் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்ற பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

அப்படிப்பட்டவர் ஏன் இப்படியொரு ஆல்பம் செய்தார்?

யோசனை அவருடையது இல்லை. நிறுவனத்தை நடத்திய லெனார்ட் செஸ்ஸின் மகன் மார்ஷல் செஸ் கிளப்பியது. அப்போது மார்ஷலுக்கு வயது இருபத்தாறு. மடி வாட்டர்ஸை நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்த்து வளர்ந்தவர்.

1968இல் நிலைமை என்ன? கறுப்பின இளைஞர்கள் ப்ளூஸை அப்பா காலத்துப் பாட்டு என்று தள்ளிவிட்டு சோல் இசைக்குப் போய்விட்டார்கள். இன்னொரு பக்கம் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ், கிரீம், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுக்கள் என்று வெள்ளைக்கார ஹிப்பிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து வாங்கிய இசையெல்லாம் ப்ளூஸிலிருந்து முளைத்தது. வேரில் இருந்தவருக்குக் காசு வரவில்லை; கிளையில் இருந்தவர்கள் அரங்கம் நிறைத்தார்கள். மார்ஷல் ஏற்கெனவே கேடட் கான்செப்ட் லேபிளில் ரோட்டரி கனெக்‌ஷன் என்ற சைக்கடெலிக் சோல் குழுவை வைத்து நன்றாகச் சம்பாதித்திருந்தார். அதே சூத்திரத்தை மடி வாட்டர்ஸுக்குப் போட்டுப் பார்ப்போம் என்று கிளம்பினார். மடியை ஹிப்பி ஆக்குவது தன் நோக்கமில்லை, நடிகர் வேடம் கட்டுவதைப் போல ஒரு கற்பனைப் படைப்பாகத்தான் நினைத்தேன் என்பது அவர் பின்னாளில் சொன்ன விளக்கம். வேடம் கட்டுகிற நடிகருக்குத் தான் கட்டியிருப்பது வேடம் என்று தெரிந்திருக்க வேண்டாமா என்று எனக்குத் தோன்றும். அது இருக்கட்டும்.

வாசித்தவர்கள் யார்? வெள்ளைக்கார ராக் குழுவா?

பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லவே இல்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

இசைக்கோர்ப்பும் ஆர்கனும் சார்லஸ் ஸ்டெப்னி. பிற்பாடு 'எர்த், விண்ட் அண்ட் ஃபயர்' குழுவின் ஆல்பங்களைச் செதுக்கிய அதே மேதை. சாக்ஸபோன் ஜீன் பார்ஜ். இந்த இருவரும் மார்ஷலோடு சேர்ந்து தயாரிப்பாளர்களும்கூட. கிட்டாருக்கு மூன்று பேர்: பீட் கோசி, ஃபில் அப்சர்ச், ரோலண்ட் ஃபாக்னர். பேஸ் லூயிஸ் சாட்டர்ஃபீல்ட், ட்ரம்ஸ் மோரிஸ் ஜென்னிங்ஸ். சிகாகோ ஸ்டூடியோக்களில் சோல், ஜாஸ் பதிவுகளுக்கு நாள்தோறும் வாசித்துப் பழுத்த கைகள். கோசி அந்த நகரத்தின் புதுப்பாணி ஜாஸ் வட்டத்தைச் சேர்ந்தவர்; 1973 முதல் 1975 வரை ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் குழுவில் அவர் வாசித்த கிட்டாரைக் கேட்டவர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். அந்த வாசிப்பின் விதை இந்த ஆல்பத்திலேயே கிடக்கிறது.

ஆக, அது பெரும்பாலும் சிகாகோவின் கறுப்பினக் கலைஞர்களே கோர்த்து, வாசித்த இசை. "வெள்ளைக்கார ராக்கைக் கொண்டுவந்து கறுப்பர் ப்ளூஸில் கலந்துவிட்டார்கள்" என்று திட்டியவர்கள் பின்னட்டையைப் படிக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். மார்ட்டின் லூதர் கிங் ஏப்ரலில் கொல்லப்பட்டு, சிகாகோவின் மேற்குப் பகுதி எரிந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த ஊர்க்காரர்களின் கைகளில் கிட்டார் சும்மா கொஞ்சிக்கொண்டிருக்குமா?

மடி வாட்டர்ஸ் இதில் கிட்டார் வாசிக்கவே இல்லையாமே?

ஆமாம். பாடியதோடு சரி. அவருடைய வழக்கமான குழுவும் இல்லை, ஆண்டுக்கணக்காகக் கூட இருந்த பியானோக்காரர் ஓட்டிஸ் ஸ்பானும் இல்லை. அவருடைய ஸ்லைடு கிட்டார், அதாவது கம்பிகளின் மேல் குழாயை வழுக்கவிட்டு வாசிப்பது, என்பது குரலுக்குப் பதில் சொல்கிற இன்னொரு குரல். அதை எடுத்துவிட்டால் பாதி மனிதர்தான் மிச்சம். ஆல்பத்தின் பெரிய குறை என்று என்னைக் கேட்டால் வா-வா பெடலைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

பாட்டுகள் எப்படி இருக்கும்?

முதல் பாட்டு 'ஐ ஜஸ்ட் வான்ட் டு மேக் லவ் டு யூ'. 1954இல் வில்லி டிக்சன் எழுதிக் கொடுத்த, ஹார்மோனிகாவோடு மெல்ல ஊர்ந்துவரும் பாட்டு. இங்கே அது கதவை உடைத்துக்கொண்டு வருகிறது. நடுவில் கிட்டார்கள் ஃபீட்பேக்கில் ஊளையிடும். முதல் தடவை ஹெட்போனில் கேட்டபோது ஏதோ வயர் அறுந்துவிட்டது என்று கழற்றிப் பார்த்தேன். உண்மையாகவே.

'ஹூச்சி கூச்சி மேன்' என்றாலே எல்லோருக்கும் அந்த 'நிறுத்தி அடிக்கிற' தாளம்தான் நினைவில் நிற்கும். குழு ஒரு அடி அடித்துவிட்டு நிற்கும், அந்த இடைவெளியில் பாடகர் ஒரு வரி வீசுவார். அந்த மௌனம்தான் பாட்டின் கம்பீரமே. இந்தப் பதிப்பில் மௌனத்துக்கு இடமே கொடுக்கவில்லை; இடைவெளி முழுக்கக் கிட்டார் இரைகிறது. எட்டில் எனக்குப் பிடிக்காதது இது ஒன்றுதான்.

மூன்றாவது ஒரு வேடிக்கை. ரோலிங் ஸ்டோன்ஸ் 1967இல் வெளியிட்ட 'லெட்ஸ் ஸ்பெண்ட் த நைட் டுகெதர்' பாட்டை மடி பாடுகிறார். தன் பாட்டிலிருந்து பெயர் எடுத்துக்கொண்ட பிள்ளைகளின் பாட்டைத் தாத்தா பாடிக் காட்டுகிற கணக்கு. பின்னணியில் ஓடும் கிட்டார் கிரீம் குழுவை நினைவூட்டும். மிக் ஜாகர் கெஞ்சிய இடத்தில் மடி கட்டளை போடுகிறார். மூலத்தைவிட இது மேல் என்பேன். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

'ஷீ இஸ் ஆல் ரைட்' முடிகிற இடத்தில் குழு திடீரென்று சோல் குழுவான டெம்ப்டேஷன்ஸின் 'மை கேர்ள்' மெட்டுக்குள் நழுவும். 'மேனிஷ் பாய்' அதிகம் சிதையாமல் தப்பித்தது. 'ஹெர்பர்ட் ஹார்ப்பர்ஸ் ஃப்ரீ பிரஸ் நியூஸ்' இந்த ஆல்பத்துக்கென்றே எழுதப்பட்டது. ரோட்டரி கனெக்‌ஷனில் பாடிய சிட்னி பார்ன்ஸும் ராபர்ட் தர்ஸ்டனும் எழுதினார்கள். அதில் மடி வாட்டர்ஸ் யாரோ ஒருவருடைய உடுப்பை மாட்டிக்கொண்டு நிற்பதைப் போலத்தான் பாடுகிறார், ஆனால் கோசியின் கிட்டாருக்காகவே பத்துத் தடவை கேட்கலாம். 'டாம் கேட்' பரவாயில்லை. கடைசிப் பாட்டு 'த சேம் திங்' நிதானமானது. அவர் குரலுக்கு மூச்சுவிட இடம் கொடுக்கிறது.

விற்றதா?

விற்றது. முதல் ஆறு வாரத்தில் ஒன்றரை லட்சம் பிரதிகள் போனதாகக் கணக்கு சொல்கிறார்கள். பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 127ஆம் இடம். கேட்டால் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் இருபது ஆண்டு இசைத்தட்டுப் போட்ட மனிதரின் ஆல்பம் அந்தப் பட்டியலில் ஏறியது அதுதான் முதல் தடவை. பிறகு விற்பனை அப்படியே படுத்துவிட்டது.

விமர்சகர்கள் ஏன் அவ்வளவு கோபப்பட்டார்கள்?

'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் பீட் வெல்டிங் எழுதிய மதிப்புரை, மடி வாட்டர்ஸுக்கு இழைக்கப்பட்ட அநியாயம் என்கிற தொனியில் இருந்தது. மற்ற ப்ளூஸ் எழுத்தாளர்களும் ஏறத்தாழ அதே பல்லவிதான். தூய ப்ளூஸைக் கெடுத்துவிட்டார்கள், காசுக்காக ஒரு பெரியவரைக் கோமாளியாக்கிவிட்டார்கள் என்றார்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. முதலாவதில்தான் எனக்குச் சந்தேகம். காரணம், இந்த மனிதரிடம் தூய்மை கேட்டு வந்தவர்கள் இதற்கு முன்பும் இருந்தார்கள்.

1958இல் மடி வாட்டர்ஸும் ஓட்டிஸ் ஸ்பானும் ஆங்கிலேய ஜாஸ் கலைஞர் கிறிஸ் பார்பர் அழைப்பில் இங்கிலாந்து போனார்கள். அங்கே ப்ளூஸ் என்றால் மரக் கிட்டாரோடு உட்கார்ந்து பாடுகிற கிராமத்துக்காரர் என்று ரசிகர்கள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். இவர் சிகாகோவில் வாசிக்கிற சத்தத்திலேயே மின்கிட்டாரை முறுக்கினார். சபையில் பலருக்குக் காது கூசியது. பத்திரிகைகள் கிட்டார் அலறுகிறது என்று எழுதின. மனிதர் பாடம் படித்துக்கொண்டார். 1963இல் மறுபடி ஐரோப்பா போனபோது மரக் கிட்டாரோடு போனார். இந்த ஐந்து வருடத்தில் அந்த ஊர்ப் பையன்கள் அவருடைய பழைய மின்னிசைத் தட்டுகளைக் கேட்டுக் கேட்டு அதற்கே பைத்தியமாகியிருந்தார்கள். எங்கே அந்தச் சத்தம் என்று கேட்டு ஏமாந்தார்கள்! அடுத்த ஆண்டு செஸ் நிறுவனம், நாட்டுப்புற இசை அலையில் காசு பார்க்க, 'ஃபோக் சிங்கர்' என்ற தலைப்பில் மரக் கிட்டார் ஆல்பம் ஒன்றை வெளியிட்டது. இளைஞர் படி கய் கூட வாசித்தார். அருமையான ஆல்பம், சந்தேகமே இல்லை. ஆனால் அதுவும் சந்தைக்காகக் கட்டிய வேடம்தான். அதை யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை. இன்றுவரை தலையில் வைத்துக் கொண்டாடுகிறோம்.

பருத்திக்காட்டிலிருந்து வந்தவர் மின்சாரத்துக்கு மாறியதே ஒரு தீட்டு என்று நினைத்தவர்கள் பத்து வருடத்தில் அந்த மின்சாரத்தையே ஆசாரமாக்கி, அடுத்த மாற்றத்தைத் தீட்டு என்றார்கள். சேறு என்று பேர் வைத்துக்கொண்டவரிடம் போய் மடி பார்த்தால் எப்படி?

மடி வாட்டர்ஸ் என்ன சொன்னார்?

'நாய்ப்பீ' என்று சொன்னார். மன்னிக்கவும், இதைவிட மரியாதையாக மொழிபெயர்க்க வழியில்லை.

ஆனால் அவருடைய புகாரும் விமர்சகர்களின் புகாரும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. பிற்காலப் பேட்டிகளில் அவர் சொன்னவற்றைக் கூட்டிப் பார்த்தால் மூன்று விஷயம் தெரிகிறது. ஒன்று, ஓசை பிடிக்கவில்லை. கிட்டார் பூனை மாதிரி மியாவ் என்கிறது, ட்ரம்ஸ் சும்மா இல்லாமல் தாவிக்கொண்டே இருக்கிறது என்றார். இரண்டு, முதலில் விறுவிறுவென்று போன தட்டுகள், 'இது மடி வாட்டர்ஸாக இருக்க முடியாது' என்று திரும்பி வந்ததை அவர் மறக்கவில்லை. மூன்றாவதுதான் முக்கியம். தட்டு வெளிவந்தால் மேடையில் அந்தப் பாட்டைப் பாட வேண்டும். இந்தப் பாட்டுகளை அவர் தன் குழுவை வைத்துக்கொண்டு வாசிக்க முடியாது. ஒரு லாரி நிறைய ஆம்ப், அதாவது ஒலிபெருக்கிப் பெட்டி, வேண்டும், வேற்றாட்கள் வேண்டும். வாசிக்க முடியாத தட்டு எனக்கு எதற்கு என்று கேட்டார்.

இது தூய்மை பேசுகிற ரசிகரின் குரல் இல்லை. வாரத்தில் பல இரவு மேடையேறிப் பிழைக்கிற தொழிலாளி, தன் கைக்கு ஒத்துவராத கருவியைத் திருப்பிக் கொடுக்கிற குரல். விமர்சகர்கள் தங்கள் புகாரோடு அவர் புகாரையும் முடிச்சுப்போட்டு, 'பாருங்கள், அவரே சொல்லிவிட்டார்' என்று ஐம்பது வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

ஹவுலின் வுல்ஃபுக்கும் இப்படியொரு ஆல்பம் செய்தார்களாமே?

செஸ்ஸின் இன்னொரு ப்ளூஸ் பாடகரான அவருக்கும் செய்தார்கள், பெரும்பாலும் அதே ஆட்களை வைத்து. 1969இல் வந்தது. வுல்ஃப் கடைசிவரை முறைத்துக்கொண்டே பாடினார். அவரது எரிச்சலையே மார்ஷல் விளம்பரமாக்கிவிட்டார்: முன்னட்டையில் படமே இல்லை, 'இது ஹவுலின் வுல்ஃபின் புது ஆல்பம், அவருக்கு இது பிடிக்கவில்லை, முதலில் அவருக்கு மின்கிட்டாரும் பிடிக்கவில்லைதான்' என்ற பொருளில் பெரிய எழுத்தில் அச்சடித்தார்கள். விளம்பரமும் எடுபடவில்லை, விற்பனையும் எடுபடவில்லை. பதிவின்போது வுல்ஃப் தன்னை மேலும் கீழும் பார்த்து, அந்த வா-வா சமாச்சாரங்களை எல்லாம் ஏரியில் வீசிவிட்டு அப்படியே முடிவெட்டப் போ என்று சொன்னதாக பீட் கோசி சிரித்துக்கொண்டே சொல்வார். கோசியின் தலைமுடியும் தாடியும் அப்படி.

ஜிமி ஹென்ட்ரிக்ஸ் மேடையேறுமுன் இதைக் கேட்பாராமே, உண்மையா?

ஹென்ட்ரிக்ஸின் உதவியாளர் தன்னிடம் அப்படிச் சொன்னார், குறிப்பாக 'ஹெர்பர்ட் ஹார்ப்பர்ஸ்' பாட்டைப் போட்டுக் கேட்பாராம் என்று கோசி சொல்லியிருக்கிறார். காதுவழி வந்த செய்தி. அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ராக் குழுவான லெட் செப்பலினின் ஜான் பால் ஜோன்ஸ், 'பிளாக் டாக்' பாட்டின் உருளுகிற மெட்டுக்கு இந்த ஆல்பம் தூண்டுதல் என்று ஒரு பேட்டியில் சொன்னார். இன்னொன்றில் ஹவுலின் வுல்ஃபின் பாட்டு என்றார்.

ஹிப் ஹாப்காரர்களுக்கு இதன்மேல் என்ன பிரியம்?

பப்ளிக் எனிமி குழுவின் சக் டி, ப்ளூஸ் உலகத்துக்குள் நுழைந்த வாசலே இதுதான். அடிவயிற்றில் இடிக்கிற ட்ரம்ஸ், அதன் மேல் தடித்த பேஸ், மேலே ஆணவமான ஒரு குரல்: ஹிப் ஹாப் காதுக்கு இதில் அந்நியமாக ஒன்றும் இல்லை. மார்ட்டின் ஸ்கோர்செஸி தயாரித்த ப்ளூஸ் ஆவணப்படத் தொடரில், 2003இல் வந்த 'காட்ஃபாதர்ஸ் அண்ட் சன்ஸ்' படத்துக்காக மார்ஷல் செஸ், சக் டி இருவரும் பழைய வாசிப்பாளர்களைத் தேடித் திரட்டி, ராப்பர் காமனையும் சேர்த்துக்கொண்டு 'மேனிஷ் பாய்' பாட்டைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். மடி வாட்டர்ஸ் 1983 ஏப்ரல் 30 அன்றே காலமாகிவிட்டார். இருந்திருந்தால் அதற்கும் ஒரு வசவு கிடைத்திருக்கும்.

இந்த ஆல்பத்துக்குப் பிறகு அவர் என்ன செய்தார்?

1969இல் 'ஆஃப்டர் த ரெயின்' என்று இதே கூட்டத்தோடு இன்னொன்று. இந்தத் தடவை கிட்டாரைக் கையில் எடுத்தார், ஓட்டிஸ் ஸ்பானும் வந்தார். அதே ஆண்டு மைக் புளூம்ஃபீல்ட், பால் பட்டர்ஃபீல்ட் என்ற இளம் வெள்ளைக்காரக் கலைஞர்களோடு 'ஃபாதர்ஸ் அண்ட் சன்ஸ்'. அது பழைய பாணி. பில்போர்டில் 70ஆம் இடம் வரை போனது. 1977இல் கிட்டார் கலைஞர் ஜானி வின்டர் தயாரிப்பில் 'ஹார்ட் அகெய்ன்'. கிராமி விருதும் வாங்கியது.

புதிதாகக் கேட்பவர் எங்கிருந்து தொடங்குவது?

'எலக்ட்ரிக் மட்'டிலிருந்து தொடங்காதீர்கள். 'மேனிஷ் பாய்' என்ற ஒரே பாட்டை மூன்று பதிப்பில் வரிசையாகக் கேளுங்கள். முதலில் 1955. அடுத்து 1968. கடைசியாக 1977இல் 'ஹார்ட் அகெய்ன்' ஆல்பத்தின் முதல் பாட்டு. அதில் குழு மொத்தமும் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும். மடி ஒவ்வொரு வரி பாடியதும் பின்னாலிருந்து ஜானி வின்டர் தொண்டை கிழியக் கத்துவது கேட்கும். சத்தத்தைக் கூட்டி வையுங்கள், அக்கம்பக்கத்தில் யாரும் தூங்காத நேரமாகப் பார்த்து.